அங்கே நீ போட்டால் இங்கே நிற்கும்

மேலகரம்,
12.7.2025

அன்பு மகள் முத்துசெல்விக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், இடது முழங்காலைத் தவிர. உன் சுகம் இனி நீயாகச் சொன்னால்தான் எனக்குத் தெரியும் என்று ஆக்கிவிட்டாய், அதைப் பின்னால் பேசுகிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இங்கே சீசன் நன்றாக இருக்கிறது, பத்து நாளாக வெயில் முகமே காட்டவில்லை, தைத்து முடித்த ஜாக்கெட்டுகள் நசநசவென்று இருப்பதால் தேய்த்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஐந்தருவிக்குக் குளிக்க வருகிறவர்கள் பை பிய்ந்தது ஜிப்பு போயிற்று என்று சொட்டச் சொட்டக் கடை வாசலில் வந்து நிற்கிறார்கள். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ “பொறவு பேசுதேம்மா” என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, முழுக்க வாசித்துத்தான் ஆக வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நானாகப் பழகிய எழுத்து இது, பிழை இருந்தால் இருக்கட்டும்.

முதலில் பாட்டு விஷயம். நாம் இரண்டு பேரும் ஒரே பாட்டு அக்கவுண்ட்டில் இருந்தவரை எனக்குப் பிடித்த ஆல்பத்தில் இதயப் படத்தை அமுக்கினால் அது உன் போனுக்கும் வந்துவிடும், இப்போது அதற்கும் வழியில்லாததால் எழுதுகிறேன். நாறும்பூநாதன் என்ற ஒருவரின் நாதஸ்வர ஆல்பம் வந்திருக்கிறது, அட்டையில் கொடியில் ஒரு ஈரத் துண்டு தொங்கும். தவில் கிடையாது, தம்புரா மட்டும்தான். ஆறே உருப்படி, அதில் நாலாவது இருபத்தொரு நிமிடம். நடுநடுவே அவர் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கும். அதைக் குறை என்று யாரோ கீழே எழுதியிருக்கிறான், அவனுக்கு என்ன தெரியும், எனக்கு அந்த மூச்சுக்காகவே பிடிக்கிறது, கடையில் இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது. அடுத்தது பெர்சிஸ் என்ற பெண் ஆர்மோனியத்தோடு பாடிய கிறிஸ்தவக் கீர்த்தனைகள். நாம் கோயிலுக்குப் போகிற ஆட்கள், இருந்தாலும் சொல்கிறேன், துணி வெட்டும்போது அதைப் போட்டால் கத்திரி நேராகப் போகிறது. மூன்றாவது ஆனந்தவள்ளி குழுவினரின் வில்லுப்பாட்டு. அதில் முதல் பாகத்தைத் தொடாதே, இருபது நிமிடம் கோயில் கொடைக்குப் பணம் தந்தவர்கள் பெயராகவே போகும், இரண்டாம் பாகத்திலிருந்து கேள்.

வில்லுப்பாட்டு என்றதும் உனக்கு முகம் சுருங்கும், தெரியும். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இட்லியை ஊற்றி வைத்துவிட்டு அதைப் போட்டேன், சத்தமே வரவில்லை. கூட்டினேன், வரவில்லை, முழுக்கக் கூட்டினேன். நீ போனில் வந்து “எம்மா, அதக் கொறைம்மா, குடம் அடிக்கிற அடில வீடு அதிருது” என்கிறாய், எனக்கு ஒண்ணுமே கேக்கலியேட்டி என்கிறேன் நான். அங்கே உங்கள் ஸ்பீக்கரில் போய் அது அலறியிருக்கிறது, அங்கே இன்னும் வெள்ளிக்கிழமை ராத்திரி, விருந்துக்கு வந்தவர்கள் முள்கரண்டியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்களாம். அன்றைக்கு நீ சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி. பிறகு ஜூனில் எனக்குத் தனி அக்கவுண்ட் போட்டுக் கொடுத்தபோது இதையே காரணமாகச் சொன்னாய். காரணம் அது இல்லை என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

போன ஆவணியில் நீ வந்தபோது உன் அக்கவுண்ட்டையே என் போனிலும் போட்டுக் கொடுத்தாய் அல்லவா. நீ திரும்ப வெளிநாட்டுக்குப் போன பிறகு தினமும் மத்தியானம் மூன்று மணிக்குப் பாட்டு தானாக நின்றுவிடும், மறுபடி நாலரைக்கு நிற்கும். டவர் சரியில்லை என்று நினைத்து, போனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, தென்காசியில் செல்போன் கடை வைத்திருக்கிற மன்சூரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவன் பார்த்துவிட்டு “யக்கா, போன்ல ஒரு கோளாறும் இல்ல. ஒங்க மவ அங்கன பாட்டு போடுதா, அதான் இங்கன நிக்குது. ரெண்டு எடத்துல ஒண்ணா ஓடாது” என்றான். அன்றிலிருந்து எனக்கு மூன்று மணி என்றால் அங்கே விடிகாலை, நீ எழுந்து காப்பி போடுகிறாய், நாலரை என்றால் காரில் ஏறிவிட்டாய். ஐப்பசியில் மூன்று மணி நாலானது, மாசியில் திரும்ப மூன்றானது, அங்கே கடிகாரத்தைத் தள்ளி வைப்பார்கள் என்று அதற்கும் மன்சூர்தான் விளக்கம் சொன்னான். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் எனக்கு வேளை பார்த்து வருகிற ஆள் யாரும் இல்லை. பாட்டு நிற்பது ஒன்றுதான் சரியாக வந்துகொண்டிருந்தது. அதற்காகவே இரண்டே முக்காலுக்கு நானாக ஏதாவது ஒன்றைப் போட்டு வைப்பேன், இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

மே மாதம் பாதியிலிருந்து நாலரைக்கு நிற்பது இல்லாமல் போயிற்று. மூன்று மணிக்கும் நிற்கவில்லை. அதற்குப் பதிலாக நீ ஆபீசில் இருக்க வேண்டிய நேரத்தில், இங்கே விளக்கு வைத்த பிறகு, ஒரே பியானோ ஆல்பம் திரும்பத் திரும்ப ஓடுவதை என் போன் காட்டியது. அதன் பெயர் என் வாயில் நுழையவில்லை, அட்டையில் ஒரு மஞ்சள் நாற்காலி இருக்கும், உனக்குத் தெரியும். நானும் அதை முழுக்கக் கேட்டேன். நல்ல வாசிப்புதான், இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒன்பது உருப்படியும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, ஒன்றாவது எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதாகக் காணோம். போனில் கேட்டால் “ஆபீஸ்ல வேல சாஸ்திம்மா” என்றாய். இன்றைக்கு மஞ்சள் நாற்காலி பதினோரு தடவை ஓடியிருக்கே, ஆபீசுக்கு எப்பம்டி போன என்று கேட்டேன். கேட்டது தப்பென்று இப்போதும் நினைக்கவில்லை. நீ “எம்மா, என்ன வேவு பாக்குதியா” என்றாய். நாலாம் நாள் எனக்குத் தனி அக்கவுண்ட், அம்மாவுக்குப் பரிசு என்று. அந்தப் பரிசு, பிடித்த பாடகர் மூன்று பேரைச் சொல் என்று என்னையே கேட்கிறது. அதற்கு என்னைத் தெரியாது. நான் ஒரு பெயரும் சொல்லவில்லை, அதுவாக எதையோ போடுகிறது. ஒரு நாள் முழுக்க நிற்காமல் ஓடுகிறது. நிற்காமல் ஓடுகிற பாட்டு இவ்வளவு சங்கடமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

இனி எழுதுவது உன் அப்பாவுக்கே தெரியாதது. நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது நான் ஆலங்குளத்தில் ஒரு தையல் கம்பெனிக்குப் போய் வந்தேனே, ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. முதலாளியைக் காணோம். நான் வீட்டில் சொல்லவில்லை. மறுநாளும் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அதே ஏழே கால் பஸ்ஸில் போய் ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினேன். பத்தொன்பது நாள். உன் அப்பா “இன்னைக்கு எத்தன உருப்படி” என்று கேட்பார், நாற்பது என்பேன். எதிரே ஒரு கேசட் கடையில் ஒரு ஷெனாய்க் கேசட்டையே காலையிலிருந்து திருப்பித் திருப்பிப் போடுவார்கள், அது முடிந்து மறுபக்கம் மாற்றுகிறதற்குள் தூக்குச்சட்டியை நாலு தடவை திறந்து மூடிவிடுவேன், அது ஓடுகிற வரைக்கும் வேறு எதையும் நினைக்க வேண்டாம். அதனால்தான் உன் மஞ்சள் நாற்காலியைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. பத்தொன்பதாம் நாள் அந்தக் கடைக்கார அண்ணாச்சி ரோட்டைத் தாண்டி வந்து “என்ன தாயி, தெனமும் எந்த பஸ்ஸுக்கு உக்காந்திருக்க” என்று கேட்டார். நான் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன், இனிமேல் வீட்டிலிருந்தே தைக்கப் போகிறேன் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அந்த அண்ணாச்சி என்னை வேவு பார்த்தார் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

உனக்கு வேலை போயிற்றா, உடம்பா, உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஏதாவதா, நான் கேட்கவில்லை. வேலை என்றால் போகட்டும், இன்னொன்று வரும். சொல்லத் தோன்றும்போது சொல். மன்னிப்புக் கேட்பேன் என்றும் எதிர்பார்க்காதே. ஒன்று மட்டும் செய், பழைய அக்கவுண்ட்டிலேயே என்னைத் திரும்பச் சேர். மஞ்சள் நாற்காலியை நீ நாற்பது தடவை போட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன், வில்லுப்பாட்டைக் காலையில் தொட மாட்டேன். நீ எழுந்ததும், அது எந்த மணியாக இருந்தாலும் சரி, ஏதாவது ஒன்றைப் போடு. இங்கே பாட்டு நிற்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான்.

இலஞ்சிக் குமாரர் உன் பக்கம் இருக்கட்டும், உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. மறந்துவிடாதே, பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் அதை மன்சூர் நம்பருக்கு அனுப்பு, எனக்கு அனுப்பாதே, எனக்கு அனுப்பினால் நான் போன் பண்ணி ஏதாவது பேசிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
வள்ளித்தாய்