வேர் பிடிக்கும் வரை

ஐப்பசி 9, வியாழன்

மாரடைப்பில் அப்பாவின் இதயத்தில் கொஞ்சம் தசை செத்துப்போயிற்று. ஆராய்ச்சி சிகிச்சை என்று நேற்று தஞ்சாவூரில் ஊசி போட்டார்கள். சிலருக்குப் புதுத் தசையாக வளரக்கூடிய ஸ்டெம் செல், சிலருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று தனக்கே தெரியாது என டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அப்போது அப்பா தலையாட்டினார். வெளியே வந்ததும், "என்னம்மா சொன்னாரு?" என்றார்.

"பயிர் செத்த இடத்துல திரும்ப நாத்து ஊனுறோம்ல, அதுமாதிரிப்பா."

அதோடு நிறுத்திக்கொண்டேன். மீதியையும் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

இன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து மல்லாந்தே கிடக்கிறார். "திரும்பிப் படுங்கப்பா, முதுகு வலிக்கும்" என்றேன்.

"வேர் பிடிக்கட்டும்மா. அதுக்குள்ள வயலை மிதிக்கக் கூடாது."

உப்புநீர் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன்.

ராத்திரி தூக்கம் வராமல் நான்தான் புரண்டுகொண்டிருக்கிறேன். பக்கத்து அறையில் அப்பாவின் கட்டில் இதுவரை ஒரு தடவைகூடக் கிறீச்சிடவில்லை.