விரித்தால் நிற்கும் கத்தி

கோபக்காரப் பெண்டாட்டிக்கு,

சிவகிரியில் அம்மா வீட்டில் சௌக்கியமாகத்தான் இருப்பாய். தினமும் பூமூட்டைக் கயிறு அறுக்க நீ கேட்ட மடக்குக் கத்திக்காகச் சங்கரன்கோவில் முழுக்க அலைந்து சலித்துவிட்டேன். ஒன்று விரிக்கும்போதே ஆடுகிறது. இன்னொன்று, அழுத்தினால் விரல்மேலேயே மடங்குகிறது. கடைக்காரர் சிரிக்கிறார்: “மடங்குதுல்லா அண்ணாச்சி, வேற என்ன வேணும்?”

“விரிச்சா நிக்கணும்லா வே!” என்று கத்திவிட்டேன்.

நாலாவது கடையில் ஒன்று அகப்பட்டது. விரித்ததும் டக்கென்று பூட்டிக்கொள்கிறது. உன் பர்சுக்குள் அடங்கும். பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். ஆனால் கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பாயே. நீ கோபித்துக்கொண்டு போன அன்று காலை பழைய கத்தியை உன் கையில்தான் நீட்டினேன், நீ தடுத்ததைக் கேட்டுச் சிரிக்கவும் செய்தேன்.

இதை அடுப்பு மேடையில் வைத்திருக்கிறேன். நீயே வந்து எடுத்துக்கொள்.

உன்னைவிடக் கோபக்காரன்