குழாய்க்குப் பின்னால் இருந்த கன்னம்

மார்ச் 3

பெரிய பேரன் பாலம் கட்டுகிற கம்பெனியில் மேலாளர் ஆகிவிட்டான். அவன் தங்கை பல் டாக்டர். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதே அவள்தான், கத்துவதற்குள் முடித்துவிட்டாள். சின்னவன் மகனுக்கு ஓட்டப் பந்தயத்தில் கோப்பை. எல்லாருக்கும் மேலே, என் மூத்த மகன் பெற்ற குட்டி. சினிமாவில் வேலை. நடிப்பு இல்லை, கம்ப்யூட்டரில். கதாநாயகன் பறக்கிறானே, அவனை இடுப்பில் கயிறு கட்டித்தான் தூக்குவார்களாம். அந்தக் கயிறு படத்தில் தெரியாமல் அழிக்கிறவள் என் பேத்தி. தியேட்டரில், "எங்கடி கயிறு?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். "தெரிஞ்சா என் வேலை போச்சு பாட்டி" என்றாள். பக்கத்தில் அவள் அப்பன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அவன் போய் இரண்டு மாதம்.

மார்ச் 5

ஆணி அடித்தாயிற்று. மாட்டப் படம்தான் இல்லை. வீட்டில் படம் எடுக்கிறவனே அவன்தான். எல்லார் முகமும் இருக்கிறது, எடுத்தவன் முகம் இல்லை. கல்யாணப் படத்தில் இருப்பது யாரோ ஒல்லிப் பையன். கடைசியாக ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா எடுத்தது ஒன்றுதான். நன்றாகச் சிரிக்கிறான். ஆனால் மூக்கில் குழாய், கன்னத்துக்குக் குறுக்கே பிளாஸ்திரி.

குட்டிக்குப் போன் போட்டேன். "கயித்தையே அழிக்கிறவளுக்கு இந்தக் குழாய் ஒரு பொருட்டாடி?"

"எது, அந்த ஆஸ்பத்திரிப் படமா?" என்றாள். அப்புறம், "சரி பாட்டி."

மார்ச் 14

படம் வரவில்லை.

மார்ச் 21

மறுபடி கேட்டேன். வேலை இருக்கிறதாம். எனக்குச் சுருக்கென்றது. "எவன் இடுப்புக் கயித்துக்கோ நேரம் இருக்கு, பெத்த அப்பனுக்கு இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். வாயா இது? குட்டியைப் பெற்ற மருமகள் தட்டை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது. "அவளை விட்டுடுங்க அத்தை" என்றாள்.

மார்ச் 30

குட்டி பெட்டியோடு வந்து நிற்கிறாள்! லீவாம். எதிர்வீட்டுக்காரியிடம், "உழைச்சது போதும்னு லீவு குடுத்து அனுப்பியிருக்காங்க" என்று பீற்றிக்கொண்டேன்.

ஆனால் முகம் பாதியாகிவிட்டது.

ஏப்ரல் 1

லீவு இல்லை. மருமகள் சொல்லித்தான் தெரிந்தது. குட்டி செய்து கொடுத்த காட்சியெல்லாம் திரும்பி வந்துவிட்டதாம். கயிறு போயிருக்கிறது, ஆனால் கயிறு இருந்த இடத்தில் வானம் கலங்கிக் கிடக்கிறதாம். "மனசு தேறினதும் வாம்மா. ஆனா ரொம்ப நாள் இடம் வெச்சிருக்க முடியாது" என்று அவளுடைய மேலதிகாரி அனுப்பிவிட்டார்.

ஏப்ரல் 4

இன்றைக்கு மத்தியானம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். திரை முழுக்க என் பிள்ளையின் கன்னம். அவ்வளவு பெரிதாக்கிப் பார்த்துத்தான் அழிக்க வேண்டுமாம்.

"அழிக்கிறது ஒண்ணுமில்ல பாட்டி. அழிச்சா அங்க ஓட்டைதான் இருக்கும். பின்னால என்ன இருந்துச்சோ அதை நான்தான் போடணும். வானம்னா போட்டுடுவேன். இது அப்பா கன்னம். எப்படி இருந்துச்சுன்னு ஞாபகமே வரல பாட்டி. தப்பாப் போட்டுட்டா, இனிமே அதுதானே அப்பா முகம்?"

கயிற்றை அழிக்கப் போனாலும் குழாயாகத் தெரிகிறதாம். ஆஸ்பத்திரியில் அது நழுவாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளே அவள்தான். எனக்கு ஏன் அது தோன்றவில்லை? என்ன வேலையடி வாங்கிவிட்டேன் உன்னிடம்.

"வேண்டாம் கண்ணு. குழாயோடயே மாட்டிக்கலாம்" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாட்டி, கொஞ்சம் சிரி. அப்பா மாதிரி."

"நான் எதுக்குடி அவனை மாதிரி சிரிக்கணும்? அவன்தான் என்னை மாதிரி சிரிப்பான்."

சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. டக்கென்று படம் எடுத்தாள். உதட்டோரத்து மடிப்பு அப்படியே அவன்தானாம். "சுருக்கமெல்லாம் வேண்டாம், நீயே வெச்சுக்கோ. மடிப்பு மட்டும் குடு" என்றாள். அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம்.

ஏப்ரல் 8

கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்கிறாள். நடுவில் அழுகைச் சத்தம். நான் எழுந்தேன். மருமகள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ஏப்ரல் 12

படம் மாட்டியாயிற்று. குழாய் இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான் போல இருக்கிறது. மருமகள் பிளாஸ்திரி இருந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிப் பக்கமே வராத எதிர்வீட்டுக்காரி வந்து, "இவ்வளவு தெம்பா இருந்த மனுஷன், எப்படித் திடீர்னு?" என்றாள். குட்டி என்னைப் பார்த்தாள். இது என் பேத்தி கைவேலை என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. தெரிந்துவிட்டால் அவள் வேலை போச்சே.

ஏப்ரல் 15

குட்டி ஊருக்குப் போய்விட்டாள். இடம் இன்னும் இருக்கிறதோ என்னவோ.

மே 20

இருக்கிறது! ஒரு பெரிய காட்சி, மலைக்கு மேலே பறக்கிறது, ஒரு திருத்தமும் இல்லாமல் தேறிவிட்டதாம். குட்டிதான் போனில் சொன்னாள். "தேறிடுச்சுன்னதும் அப்பா நம்பரைத்தான் பாட்டி அமுக்கினேன்" என்றாள். "நல்லவேளை, உன் போன்ல அவனுக்கு அடுத்த நம்பர் நான்" என்றேன்.

அவளுக்கு எழுதி அனுப்பியது: எதிர்ச் சுவரில், உன் அப்பன் பார்க்கிற பக்கமாக, இன்னொரு ஆணி அடித்திருக்கிறேன். உன் புதுப் படம் ஒன்று தபாலில் அனுப்பு. போனில் வந்தால் என்னால் மாட்ட முடியாது. கண்ணுக்குக் கீழே கருப்பு இருந்தால் இருக்கட்டும். எதையும் அழிக்காதே.