உனக்குரிய நேரத்தை நான் எடுத்துக்கொண்ட நாள்

நண்பா,

எஸ்பியர்க் நகரக் கடைத்தெருவில் சப்பாத்துத் திருத்தும் கடை ஒன்று உண்டு. தேய்ந்துபோன அடித்தோலை மாற்றக் கொடுப்பதற்காக இன்று காலை அங்கே போனேன். கடைக்காரர் பழைய தோற்பை ஒன்றுக்கு எண்ணெய் பூசித் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த நெடி மூக்கில் ஏறியதும் என் கால்கள் நின்றுவிட்டன. சனிக்கிழமைதோறும் என் காரின் முன்னிருக்கையில் அமர்ந்து, மடியில் கந்தைத் துணி விரித்து, உன் பந்துக் கையுறைக்கு நீ பூசிய எண்ணெயின் நெடி அது. மாட்டுத்தோல் நாற்றத்தோடு நான் மேடையேற வேண்டுமா என்று கடிந்துகொள்வேன். "நீ வாயைத் திறந்தால் சனத்துக்கு மூக்கு வேலைசெய்யாது மச்சான், பயப்பிடாதை" என்பாய்.

சப்பாத்தைக் கொடுக்காமலே திரும்பி வந்து காரில் அமர்ந்தேன்.

நீ மறைந்து ஓராண்டும் சில கிழமைகளும் ஆகின்றன. உன்மேல் எனக்கிருந்தது தூய அன்பு என்றே ஊரார் நம்புகிறார்கள். அன்பு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அன்பை அழுக்காறு ஒரு நாளும் தனியே இருக்க விட்டதில்லை. இருபது ஆண்டுகள் அதை மறைத்து வாழ்ந்தேன். இனி மறைக்க ஆளில்லை என்பதால் எழுதுகிறேன்.

மன்னாரில் துடுப்பாட்டத்தில் பந்து வீசியவன் நீ. கிரின்ஸ்டெட் தொழிற்சாலையில் நம்மோடு பொதிகட்டும் பிரிவில் நின்ற டேனியத் தோழர் ஒருவர், உன் கைவாகைக் கண்டு தம்முடைய பேஸ்போல் என்னும் அடிபந்தாட்டக் குழுவுக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனார். முதல் நாள் ஆடிவிட்டு வந்து நீ சொன்னது நினைவிருக்கிறது. "அங்கை முழங்கையை மடக்கி எறிஞ்சால் பிழை எண்டு கத்துவாங்கள். இங்கை மடக்கினால் கை தட்டுறாங்கள் மச்சான். எனக்கேற்ற நாடுதான் இது."

உனக்கேற்ற நாடு. எனக்கு அது எப்படி இருந்தது என்பதை நீ அறிவாய். தமிழ் மன்றங்களில் நான் எழுந்தால் குழந்தைகளின் அழுகைகூட அடங்கும். அதே நான், தொழிற்சாலை உணவுமேசையில் உப்பைக் கேட்கவும் கைகாட்டினேன். டேனிய மொழி என் நாவில் கல்லாய்க் கிடந்தது. உனக்கும் அது வளமாக வரவில்லை. ஆயினும் மேசையின் மறுகோடியிலிருந்து உன் பெயரை அவர்கள் கூவி அழைத்தார்கள். நான் நாவால் இயற்ற முடியாததை நீ ஒரு தோளால் இயற்றிவிட்டாய்.

உன் ஆட்டத்தைக் காண நான் முதன்முதலாக வந்த நாளைச் சொல்கிறேன். மடக்கு நாற்காலிகளும் கோப்பிக் குடுவைகளுமாக ஐம்பது அறுபது பேர் புல்லில் அமர்ந்திருந்தார்கள். நீ அடுத்தடுத்து மூவரை வீழ்த்தினாய். எல்லோரும் எழுந்து நின்றார்கள். என் அருகிலிருந்த முதியவர் குனிந்து, அவர் உங்கள் நண்பரா என்று கேட்டார். கேள்வி எனக்குத் தெளிவாக விளங்கியது. ஆம் என்ற ஒரு சொல் போதும்; அந்தச் சொல்லும் எனக்குத் தெரியும். விளங்காதவன்போலச் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

பிறகு, அமெரிக்க ஆட்டக்காரர்களின் விடைபெறல்களை நீ கைப்பேசியில் பார்க்கத் தொடங்கினாய். காலைப் பணி முடிந்து வீடு திரும்பும் வழியில், எரிபொருள் நிலையத்தில் காரை நிறுத்தச் சொல்லி எனக்கும் காட்டுவாய். நாற்பது அகவைகூட நிரம்பாதவர்கள். இருபது ஆண்டுகள் கூலிக்குப் பந்தெறிந்தவர்கள், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைக்கிறார்கள். ஒரு நகரமே எழுந்து நிற்கிறது. அவர்கள் தாய்க்கும் மனைவிக்கும் திடலில் புல் வெட்டுபவருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விடுகிறார்கள்.

"பார் மச்சான், இவ்வளவு பெரிய ஆள், நாலு வசனம்தான்" என்றாய்.

"பேசத் தெரியாதவன்" என்றேன்.

"தெரியாதவனோ? நிப்பாட்டத் தெரிஞ்சவன். எறியிறவனுக்கு வயது போனால் தோள் சொல்லிப்போடும். உனக்கு ஆர் சொல்லுறது?"

நான் காரைக் கிளப்பினேன். நேரில் கண்டிராத அந்த வீரர்கள்மேலும் எனக்கு எரிச்சல் மூண்டது. நம் தொழிற்சாலையில் ஒருவர் ஓய்வுபெற்றால் மேசையில் கைவிரல் உயரக் கொடி, ஒரு கேக், கோப்பி. மேலாளர் அவர் பெயரைத் தவறாக ஒலித்துவிட்டுக் கைகுலுக்குவார். மேடைப் பேச்சாளனுக்கோ அதுவும் இல்லை. ஒரு நாள் அழைப்பு வராது, மறுமுறையும் வராது, அவ்வளவுதான்.

ஒரு கோடையின் முடிவில் உன் தோள் உன்னிடம் சொல்லிவிட்டது. "இனிக் காணும், எறிஞ்சது போதும்" என்றாய். உன் முகத்தில் துயரமே இல்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

நம் சங்கத்தார் உனக்குப் பாராட்டுவிழா எடுத்தார்கள். பள்ளி மண்டபம் ஐந்து மணிவரை நமக்கு. ஐந்துக்கு மேல் கைப்பந்து பழகும் பெண்களுக்கு. உன் குழுவினர் பதினைந்து பேரும் வந்திருந்தார்கள். நீ உள்ளே நுழைந்தபோது, யாரும் சொல்லாமலே அவர்கள் எழுந்து நின்றார்கள். பின் நம்மவர்களும் எழுந்தார்கள். முப்பது ஆண்டுகளாக அந்த மன்றங்களை ஆண்டவன் நான். எனக்காக அங்கே எவரும் எழுந்ததில்லை.

நம் விழாக்களின் வழக்கம் நீ அறிந்ததே. நான்கு மணிக்கே முடிந்திருக்க வேண்டிய நடனமும் வரவேற்புரையும் நான்கேகால்வரை நீண்டன. வாழ்த்துரைக்கு எனக்குப் பத்து மணித்துளி. அதன்பின் உன் ஏற்புரை. உன் சட்டைப்பையில் மடித்த தாள் ஒன்று இருப்பதைக் கண்டேன். அதை நீ இருமுறை தொட்டுப் பார்த்தாய்.

நான் பேசினேன். வேலெறிந்த மறவரைப் பேசினேன், வாகை சூடிய தோளைப் பேசினேன், கடல் கடந்த தமிழனின் கைவலிமையைப் பேசினேன். விழாவைத் தொகுத்த பெண், நேரமாகிறது என்று எழுதிய துண்டொன்றை நீட்டினாள். படித்துவிட்டுத் தண்ணீர்க் குவளைக்கு அடியில் வைத்தேன். ஒரு சொல்லும் விளங்காத உன் குழுவினர் மேலங்கியோடு பொறுமையாக அமர்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்தபடியே, இன்னும் ஓங்கிப் பேசினேன். நான் முடித்தபோது கைப்பந்துப் பெண்கள் பைகளோடு வாயிலில் நின்றார்கள். பொறுப்பாளர் விளக்குகளைச் சுட்டிக் காட்டினார். உனக்கு மாலை மட்டும் போட்டோம். கதிரைகளை அடுக்கினோம்.

உணர்ச்சி மிகுதியால் நேரம் மறந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய். சுவர்க்கடிகாரம் என் கண்ணுக்கு நேரே இருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் நீ என் தோளில் தட்டினாய். "நல்லாக் கதைச்சாய் மச்சான். நீ எறியிற ஆட்டத்திலை மற்றவனுக்கு அடிக்கிற முறையே வராது" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல இடம் எனக்கு வாய்த்திராது. கேட்கவில்லை.

உன் ஓராண்டு நினைவுப் பூசை சென்ற மாதம் நடந்தது. பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேநீர். உன் குழுத்தலைவர் எழுந்து டேனிய மொழியில் சிறிது பேசினார். நம்மவர்களுக்காக உன் மகள் தமிழில் சொன்னாள்: "அப்பா அண்டைக்கு ஒரு பேப்பர் எழுதிக்கொண்டு போனவராம். தங்களுக்கு வாசிக்கிறன் எண்டு சொல்லியிருந்தவராம். அதைக் கேக்கத்தான் எல்லாரும் வந்தவையாம்." தலைவர் அமர்ந்துவிட்டார்.

அடுத்ததாக என் பெயரை அழைத்தார்கள். எழுதி வைத்திருந்த உரை என்னிடம் இருந்தது. அதை விரிக்காமல், உன் குழுவினரைப் பார்த்து, என் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு மேடையில் டேனிய மொழி பேசினேன். இரண்டே தொடர்கள்: அவருக்குரிய நேரத்தை நான் எடுத்தேன். தெரிந்தே எடுத்தேன். வினைச்சொல்லைப் பிழையாகச் சொன்னேன் என்பது உன் மகளின் முகத்தில் தெரிந்தது. பொருளில் பிழையில்லை. அதையே தமிழிலும் சொல்லிவிட்டு இறங்கினேன். ஒருவரும் கைதட்டவில்லை.

பாத்திரம் கழுவும் இடத்தில் உன் மனைவி என்னிடம் வந்தாள். "அண்டைக்கு வீட்டை வந்து உங்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர் அண்ணை" என்றாள். பிறகு, துடைத்த கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, "அதுக்குப் பிறகு ரண்டு நாள் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை" என்றாள்.

அன்றோடு மேடையை விட்டேன். சென்ற கிழமை விபோர்க் தமிழ் மன்றத்திலிருந்து அழைத்தார்கள். "ஐயா, ஒரு பத்து நிமிசம்." "வாறன், கேக்கிறதுக்கு" என்றேன். மூன்றாம் வரிசையில் அமர்ந்தேன். இளம்பெண் ஒருத்தி பேசினாள், நன்றாகவே பேசினாள். மண்டபம் கைதட்டியபோது என் விலாவுக்குள் அதே பழைய எரிச்சல். கைகளை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

நீயோ, எறிவதை விட்ட பின்னும் கோடைதோறும் அந்தத் திடலுக்குப் போனாய். மடக்கு நாற்காலியில் அமர்ந்து, உன் இடத்தில் நின்று எறிந்தவனுக்குக் கைதட்டினாய். முதல் நாள் அங்கே எப்படிப் போய் அமர்ந்தாய்? கை துடித்ததா? எத்தனை கிழமையில் அடங்கியது? இவற்றைக் கேட்க எனக்கு மூன்று கோடைகள் கிடைத்தன. அந்த மூன்று கோடையிலும் காரில் உன்னை அருகே வைத்துக்கொண்டு, அடுத்த மேடையில் நான் என்ன பேசப்போகிறேன் என்பதையே உனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.