ரோஸி என்றால் இடப்பக்கம்

லாரன்ட்வில்,
ஜனவரி 19

அன்பு எமரி,

போனை நீ எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் போய்ச் சேர்ந்த அடையாளமே இல்லை. என் எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டாய் போலிருக்கிறது. தபால்காரரை உன்னால் தடுக்க முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

சொல்லாமல் வந்தது தப்புதான். ஆனால் ஃபுட்பால் ஆடுகிறவர்கள் காலேஜ் மாறுவதற்கு வாசல் திறந்திருந்ததே இரண்டு வாரம். ஏஜென்ட் கார்லைல் சனிக்கிழமை கூப்பிட்டார், திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்றார். உன்னிடம் சொல்லியிருந்தால் "போகாதடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாய். நானும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

டென்பரோவில் படிப்பும் சாப்பாடும் கிடைத்தன, கையில் வந்தது சில்லறை. இங்கே மாதச் சம்பளம். அம்மா இறால் ஆலை வேலையை விட்டுவிட்டாள். விரல் வெடிப்பெல்லாம் ஆறிக்கொண்டிருக்கிறது. செங்கல் வீடு ஒன்று பார்த்து முன்பணமும் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு நான் என்ன பேச?

இங்கே பாதிப் பேர் என்னைப்போல விலைக்கு வந்தவர்கள். யாருக்கு எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். கம்போ குழம்பு என்று ஒன்றை ஊற்றினார்கள், கை கழுவிய தண்ணீர்போல இருந்தது. ஆட்டத்தில் என் பக்கத்தில் குனிந்து பந்தைக் காலிடுக்கில் பின்னால் தருகிறவன் ஒஹாயோக்காரன். நல்ல பையன்தான். ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து என் வலது தோளில் உன் தோள் இடித்தே பழகிவிட்டது. இப்போது அந்தப் பக்கம் வெறும் காற்றடிக்கிறது.

உன் இடப்பக்கத்து ஆள்,
டேவியன்


டென்பரோ,
பிப்ரவரி 8

அடேய் டேவியன்,

கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். கையெழுத்து அவ்வளவு கேவலமாக இருந்ததால் படித்துவிட்டேன்.

நீ போன மறுநாள் உன் அலமாரியில் வேறு பெயர் ஒட்டிவிட்டார்கள். உன் இடத்துக்கு யூட்டாவிலிருந்து ஒரு மலை வந்திருக்கிறது. பயிற்சி முடிந்ததும் எல்லோருக்கும் நன்றி சொல்கிறான், பொறுக்க முடியவில்லை. முன்வரிசை ஐந்து பேரில் மூன்று பேர் புதுசு. யார் யாரை மறிக்க வேண்டும் என்று நான் கத்தும் சொற்களை அவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

அந்த மலை கேட்டான், "அது என்ன ரோஸி?" என் அப்பாவின் நாய், முன்னங்கால் ஒன்று குட்டை, எப்போதும் இடப்பக்கமே சாய்ந்து நடக்கும் என்றேன். ரோஸி என்று நான் கத்தினால் நானும் இடப்பக்கம் சாய்வேன், என் வலப்பக்கத்து ஓட்டையைப் பின்னால் நிற்கிற ஓட்டக்காரப் பையன் அடைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவன் சிரிக்கவே இல்லை, எழுதிக்கொண்டான். நாம் இரண்டு பேரும் கரும்புக்காட்டு ஓரத்தில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்தபோது எப்படிச் சிரித்தோம்!

எனக்கு விலை சொல்ல யாரும் வரவில்லை. குள்ளனை யார் வாங்குவார்கள்? அப்பா ஒரு கடையில் உன் அம்மாவை, வெர்னெட் அத்தையைப் பார்த்தாராம். புது வீட்டுக்குத் திரைச்சீலைத் துணி பார்த்துக்கொண்டிருந்தாராம். அத்தையின் விரல்களுக்காக என் கோபத்தில் பாதியை விட்டுவிடுகிறேன். மீதி இருக்கிறது.

உன் வலப்பக்கத்து ஆள்,
எமரி


லாரன்ட்வில்,
அக்டோபர் 6

அன்பு எமரி,

இதைப் படித்ததும் எரித்துவிடு.

நேற்றுத் தடுப்பாட்டக் கோச் ஹல்ஸ்டெட் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்கார வைத்தார், குடிக்கக் கொடுத்தார், அம்மாவை விசாரித்தார். பிறகு சாவகாசமாகக் கேட்டார்: "அந்த டென்பரோப் பையன் என்னென்ன கத்துவான், எதுக்கு என்ன அர்த்தம், அவ்வளவுதான் தம்பி. நவம்பர் பதினாலாம் தேதி அவங்களோட நாம ஆடுற மேட்சுக்கு வேணும்."

"அது நியாயமில்லையே சார்" என்றேன்.

"கூடாதுன்னு எந்த ரூல்ல இருக்கு? காட்டு, நான் கேக்கல."

எங்கே காட்டுவேன்? ஒருவன் கோட்டைத் தாண்டி அங்குலம் கால் வைத்தால் விசில் ஊதுகிறார்கள். ஆளை வாங்குவதற்கும் பிழிவதற்கும் விசில் ஊத யாருமே இல்லை. எல்லா இடத்திலும் ஒரே விதி, ஒரே ஒப்பந்தம் என்று இருந்தால் இவர் இப்படிக் கேட்பாரா? என் ஒப்பந்தத்தில் "முழு ஒத்துழைப்பு" என்று ஒரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது ஏதோ காலையில் நேரத்துக்கு எழுந்திருக்கிற சமாச்சாரம் என்று நினைத்தேன். அவர்கள் என்னைக் கழற்றிவிட்டால் அன்றைக்கே சம்பளம் நிற்கும். நானாகப் போனால் வாங்கியதையெல்லாம் திருப்ப வேண்டும். வாங்கியது செங்கல்லாக நிற்கிறது, எதைப் பெயர்த்துத் திருப்புவேன்?

கார்லைலிடம் சொன்னேன். இந்த ஆள் போன வருஷம் வரை பழைய கார் விற்றவர் என்பது இப்போதுதான் தெரிந்தது. ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்ள யாரிடமும் கேட்க வேண்டியதில்லையாம். "சொல்லிட்டுப் போயேன், என்ன குடி முழுகிடும்?" என்கிறார்.

இருக்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. அவர்கள் தினமும் கேட்பார்கள், எனக்குத் தெரியும். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சொற்களை மாற்றிவிடு. அப்புறம் நான் எதைச் சொன்னாலும் யாருக்கும் சேதமில்லை. மாற்றிவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடு, நான் தூங்குவேன்.

உன் இடப்பக்கத்து ஆள்,
டேவியன்


டென்பரோ,
அக்டோபர் 15

டேவியன்,

மாற்றமாட்டேன்.

அந்த மலைக்கு ரோஸி யார் என்று புரியவே கோடை முழுக்க ஆயிற்று. சீசன் நடுவில் மாற்றினால் முன்வரிசை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு விழும். அது ஒரு காரணம். இன்னொன்று, மாற்றினால் நீ சொல்லிவிடுவாய் என்று நான் நம்பியதாக ஆகிவிடும். அப்படி நம்ப எனக்கு இஷ்டமில்லை.

நீ சொல்லமாட்டாய். போய்த் தூங்கு.

எமரி


லாரன்ட்வில்,
நவம்பர் 5

அன்பு எமரி,

நீ எழுதியதைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். சொல்லமாட்டேன். அவர்கள் கேட்கட்டும், மறந்துவிட்டது என்பேன், தலையில் அடிபட்டது என்பேன், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

அம்மா மேட்சுக்கு வருகிறாள். நம் இரண்டு சட்டையையும் நடுவில் வெட்டி ஒன்றாகத் தைத்திருக்கிறாள், ஒரு பாதி உன் நிறம், ஒரு பாதி என் நிறம். பார்க்கச் சகிக்கவில்லை. முடிந்ததும் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட வேண்டுமாம், சோறும் இறைச்சியும் அடைத்த பூடான் சுற்றிக்கொண்டு வருகிறாள்.

உன் இடப்பக்கத்து ஆள்,
டேவியன்


டென்பரோ,
நவம்பர் 16

டேவியன்,

ஸ்கோர் உனக்குத் தெரியும், அதை எழுதப் போவதில்லை.

உன் அக்டோபர் கடிதம் வந்த அன்றே சொற்களை மாற்றிவிட்டேன். ரோஸி என்றால் வலப்பக்கம். மலை ஒரு வாரம் அழாத குறையாகப் பழகினான். உனக்கு மாற்றவில்லை என்று பொய்தான் எழுதினேன். உண்மையை எழுதினால் அதையும் உன்னிடமிருந்து பிடுங்கிவிடுவார்களே என்று பயம். உன்னைச் சந்தேகப்பட்டேன், அதற்காக வெட்கப்பட்டேன், உன் நவம்பர் கடிதம் வந்தபோது இன்னும் அதிகமாக வெட்கப்பட்டேன். மேட்ச் முடிந்ததும் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்றுதான் மைதானத்துக்கு வந்தேன்.

முதல் தடவை ரோஸி என்று கத்தினேன். உங்கள் பெரிய ஆள் நேராக என் வலப்பக்கத்துக்குப் பாய்ந்தான். ஓட்டை இருக்கும் என்று பாய்ந்தவன் என் தோளில் வந்து விழுந்தான். தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவது தடவையும் அதே. மூன்றாவது தடவை, ஆட்டத்துக்குத் தேவையே இல்லாமல், வேண்டுமென்றே கத்தினேன். இரண்டு பேராகப் பாய்ந்தார்கள்.

நீ சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. அவர்கள் பாய்ந்ததால்தான் தெரிந்தது. உங்கள் பெஞ்சைப் பார்த்தேன். நீ தலைக்கவசத்தைக் கழற்றாமல் குனிந்தே உட்கார்ந்திருந்தாய்.

எனக்குக் கோபம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இராத்திரியெல்லாம் யோசித்தால் கோபம் போய் நிற்பது உன்மேல் மட்டுமில்லை. இருபது வயசுப் பையனை ஒரு அறைக்குள் உட்கார வைத்து, ஒரு கையில் அவன் அம்மா வீட்டையும் இன்னொரு கையில் சினேகிதனையும் பிடித்துக்கொண்டு எது வேண்டும் என்று கேட்கலாம் என்று விட்டிருக்கிறார்களே, அவர்கள்மேலும்தான். நானாக இருந்தால் சொல்லியிருக்கமாட்டேன் என்று எழுதத்தான் வந்தது. என்னை யாரும் அந்த அறைக்குக் கூப்பிடவில்லை, அதனால் எழுதவில்லை.

இப்போது அங்கே உன்னை என்ன செய்வார்கள் என்பதும் தெரியும். நீ பொய்யான அர்த்தம் கொடுத்து ஏமாற்றிவிட்டதாக ஹல்ஸ்டெட் நினைப்பார். ஒத்துழைக்கவில்லை என்று அந்த வரியை எடுத்துக் காட்டுவார்கள். நீ அவர்களுக்கு உண்மையைத்தான் சொன்னாய் என்று இந்த உலகத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இத்துடன் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்: சொற்களை மாற்றியது நான், டேவியனுக்குத் தெரியாது. அவர்களிடம் காட்டு. வீடு நிற்கட்டும்.

மேட்ச் முடிந்ததும் வெர்னெட் அத்தை அந்தக் கண்றாவிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். என்னைக் கட்டிக்கொண்டார். விரல்கள் மெத்தென்று இருந்தன. "டேவியன் எங்கடா? சூடு ஆறிடும்" என்றார்.

"அவனுக்கு மீட்டிங் இருக்கு அத்தை, நம்மள சாப்பிடச் சொன்னான்" என்றேன். இரண்டு பேருமாகச் சாப்பிட்டோம். உன் பங்கைத் தனியாகச் சுற்றி வைத்துக்கொண்டார்.

அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. இதற்குப் பதில் போட வேண்டாம்.

எமரி ஃபாண்டநோ