அணைந்த திரையின் முன்னே

இன்று காலை கூடுவாஞ்சேரி வீட்டில் காபி ஆறிக்கொண்டிருந்தபோது திரையில் உன் முகம் வந்து நின்றது. பேசும் கணினி அறை திறந்தார்களே, அந்த நூலகத்தின் இணையதளத்தைப் புதுப்பிக்கும் வேலை மறுபடியும் என் தலையில் விழுந்திருக்கிறது. பார்வையில்லாதவர்களுக்கு ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் வாசித்துச் சொல்ல, ஒவ்வொரு பழைய புகைப்படத்துக்கும் பின்னால், திரையில் தெரியாத ஒரு வரி விளக்கம் வேண்டும். அந்த அறையின் திறப்பு விழாப் படத்தில் நீ. அலுவலகத்தில் யாரோ எழுதி அனுப்பியிருந்த விளக்கம்: "கணினியில் நூல் படித்து மகிழும் பார்வையற்ற வாசகர்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நெம்மேலியிலிருந்து பஸ் பிடித்து வந்து, நான் செய்த பக்கங்களையெல்லாம் நீதானே சோதித்தாய். வந்ததும் மானிட்டரை அணைப்பாய், மவுஸைப் பிடுங்கி உன் பையில் போட்டுக்கொள்வாய். "இப்ப தேடு மச்சான், புக்கு எங்க கீதுன்னு." நான் ஹெட்போனும் விசைப்பலகையுமாக முழிப்பேன். கடற்கரைப் படம் ஒன்றுக்கு 'அழகிய மாமல்லபுரம்' என்று எழுதியதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அழகா இல்லியான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன். அதுல இன்னா கீதோ அத்த சொல்லு."

உன் அக்கா புத்தகம் படித்துக் காட்டும்போது அலுத்துப்போய்ப் பக்கம் தாண்டுவாள். உனக்குத் தெரிந்துவிடும், கேட்கமாட்டாய். யார் தயவும் இல்லாமல் ஒரு புத்தகத்தை முழுசாகப் படிக்க வேண்டும். உனக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான்.

விழாவன்று உன்னைக் கணினி முன் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, "சிரிங்க சார்" என்றார்கள். நீ என் பக்கம் சாய்ந்தாய். "மச்சான், மிஷினே ஓடல. இன்னாத்துக்குச் சிரிக்கச் சொல்றாங்க?" சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். படத்தில் இருப்பது அந்தச் சிரிப்பு.

அதற்குப் பிறகு அந்தக் கணினி அறைக்குப் பூட்டு. சாவி அதிகாரியிடம், அதிகாரி மீட்டிங்கில். நான் கேட்டபோதெல்லாம் "ஆகட்டும் பார்க்கலாம்". நீ வந்து வந்து திரும்பினாய். "வுடு மச்சான், போதும்" என்று ஒருநாள் வருவதை நிறுத்தினாய். பிறகு காய்ச்சல், ஆஸ்பத்திரி. அந்த அறையில் ஒரு புத்தகம்கூடப் படிக்காமலே போய்விட்டாய்.

எனக்கும் அலுத்துவிட்டதடா. அதிகாரிகள் மாறுகிறார்கள், பார்வையில்லாதவர்களுக்கு இதெல்லாம் ஏன் வேண்டும் என்று நான் அதே மேசைக்கு முன்னால் நின்று சொல்கிறேன். ஆனாலும் மானிட்டரை அணைத்துத் தேடிப் பார்க்காமல் எந்தத் தளத்தையும் ஒப்படைத்ததில்லை.

அவர்கள் வரியை அழித்துவிட்டு எழுதினேன்: "திறப்பு விழா. அணைந்திருக்கும் கணினியின் முன் ஹெட்போன் மாட்டிய ஒருவர், பக்கத்திலிருப்பவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்."

மதியமே அலுவலகத்திலிருந்து போன். "அணைந்திருக்கும்ன்றத எடுத்துடுங்க சார். மேல பாத்தா பேஜாராயிடும்."

"மேல இருக்கறவங்க கண்ணுக்கு அந்த வரி தெரியாதுங்க. கேக்குறவங்களுக்கு மட்டுந்தான்" என்றேன். எடுக்கவில்லை.

பிறகு மானிட்டரை அணைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அந்த இயந்திரக் குரல் உன்னை ஒருமுறை வாசித்து முடித்தது. அதில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லிவிட்டேன் மச்சான்.