நாற்பத்தொன்றாம் எண் புட்டி

மார்ச் 4
ஆய்வகத்துக்கு இன்று நாற்பத்தொன்றாம் எண் வந்தது. பழுப்புப் புட்டி, எண் மட்டும் எழுதிய சீட்டு. எந்த ஆலையின் சரக்கு என்று பரிசோதிப்பவனுக்குத் தெரியக்கூடாது என்பது விதி. தெரிந்தால் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். என் கை சாயாது என்று பதினாறு வருடமாக எல்லோரும் நம்புகிறார்கள். நானும்தான்.

மார்ச் 5
மச்சான் சாப்பிட வந்திருந்தார். மனைவியின் அண்ணன், ரசாயன ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். கை கழுவும்போதே, "மாப்பிள்ளை, எங்க சரக்கு உங்க இடத்துக்குத்தான் வந்திருக்கு. பழுப்பு பாட்டில். கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க" என்றார். விதியின் ஆயுள் ஒரு நாள்.

துணியில் தண்ணீர் ஒட்டாமல் இருக்கப் பூசும் திரவமாம். கழிவுநீரைக் கால்வாயில் விட அனுமதி வேண்டும், அதற்கு என் அறிக்கை வேண்டும். கிடைத்தால் புதுப் பிரிவு திறக்கும், மச்சான்தான் அதற்குப் பொறுப்பு. கிடைக்காவிட்டால் இப்போது இருக்கும் பிரிவையும் மூடிவிடுவார்கள்.

"அண்ணா, ஆபீஸ் பேச்செல்லாம் அப்புறம். சாப்பிடு" என்றாள் மனைவி.

மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேலையை வேறு ஆளிடம் கொடுப்பார். வேறு ஆள் இல்லை. அதனால் சொல்லவில்லை.

மார்ச் 9
சோதனை தொடங்கினேன். நீர்த்தெள்ளு என்பது கடுகில் பாதி அளவுள்ள பூச்சி, தண்ணீரில் குதித்துக் குதித்து நீந்தும். திரவத்தை ஐந்து அளவுகளில் கலந்து ஒவ்வொன்றிலும் இருபது பூச்சி, சுத்தத் தண்ணீரில் இருபது. நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துக் கப்பை மெல்ல ஆட்ட வேண்டும். பதினைந்து விநாடிக்குள் அசையாதது போன கணக்கு. எங்கள் ஆபீஸில் இந்தச் சோதனையை வைத்தால் பாதிப் பேர் தேறமாட்டார்கள்.

கண்ணாடிக் குடுவைகள் எல்லாம் கழுவாமல் கிடந்தன. கழுவும் அக்கா லீவு. நானே கழுவியிருக்கலாம். அலமாரியில் பிளாஸ்டிக் கப்புகள் இருந்தன.

மார்ச் 11
அத்தனையும் நீந்துகின்றன. அதிகம் கலந்த கப்பில்கூட ஒன்றும் சோர்ந்துபோகவில்லை. தண்ணீரில் எவ்வளவு திரவம் இருக்கிறது என்று அளக்கும் மெஷின் ரிப்பேர். எடைபோட்டுக் கலந்த அளவையே அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 27
ஆலைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. மச்சான் வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார். "ஒரு பூச்சிகூட சாகலையாமே மாப்பிள்ளை! நம்ம சரக்கு அவ்ளோ சுத்தம்!" எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லாமலே நல்ல பெயர் கிடைப்பது அடிக்கடி நடப்பதில்லை.

ஏப்ரல் 16
முந்தாநாள் வேறு சாம்பிள் வைத்தேன், அறுபத்திரண்டாம் எண். இன்று காலையில் பார்த்தால், சுத்தத் தண்ணீரில் விட்ட இருபதில் பதினேழு அடியில் கிடக்கின்றன. சுத்தத் தண்ணீரில்!

"மூணு தடவ சோப்பு போட்டுக் கழுவினேன் சார், என்னைப் பாக்காதீங்க" என்றார் கழுவும் அக்கா. நான் அவரைப் பார்க்கவில்லை. கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் பாதி அழிந்த மையில், என் கையெழுத்தில், 41.

ஏப்ரல் 17
புரிந்துவிட்டது. தண்ணீர் பிடிக்காத சரக்கு தண்ணீரில் ஏன் தங்கும்? பிளாஸ்டிக் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. மார்ச்சில் என் பூச்சிகள் அனேகமாக வெறும் தண்ணீரில்தான் நீந்தின. ஒட்டியது இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருகிறது.

இப்படிப்பட்ட சரக்குக்குக் கண்ணாடிதான் பயன்படுத்த வேண்டும் என்று எங்கள் நடைமுறைப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எழுதியவன் நான்.

யாருக்குத் தெரியப்போகுது? தண்ணி கெட்டுப்போச்சுன்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சுது. கப்பத் தூக்கிப் போடச் சொன்னா அக்கா போட்டுடுவாங்க. மச்சான் மொகத்துல எப்படி முழிக்கிறது? — பயமாக இருக்கிறது. அதுதான் உண்மை.

ஏப்ரல் 18
கப்புகளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. இன்றைய வீரம் இவ்வளவுதான்.

ஏப்ரல் 22
குடுவைகளை நானே கழுவி, நாற்பத்தொன்றைக் கண்ணாடியில் மறுபடி செய்தேன். இருப்பதிலேயே குறைந்த அளவில்கூட இருபதில் பதினெட்டு போய்விட்டன. பதினைந்து விநாடி காத்திருக்கத் தேவையே இல்லை. காத்திருந்தேன்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "சரி, எழுதிக் குடுங்க" என்றார். மச்சான் வந்து சொன்னதையும் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது வேறயா?" என்றார்.

மே 8
பழைய அறிக்கை ரத்து, அனுமதியும் ரத்து. இனி நான் அறிக்கையில் கையெழுத்துப் போடக்கூடாது. பூச்சிகளை எண்ணலாமாம்.

மச்சான் போனில், "கேவலம் பூச்சிக்காகவா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மனைவி என்னிடம் "உப்பு போதுமா" என்பதைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. போதும் என்கிறேன்.

மே 30
ஆலையில் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். மச்சானைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள், சம்பளத்தைக் குறைத்து.

ஜூன் 14
மச்சான் வந்தார். சொல்லிக்கொண்டு வரவில்லை. உட்கார்ந்தார், சட்டைப் பையிலிருந்து என் புது அறிக்கையின் நகலை எடுத்துப் பிரித்தார். கிடங்கில் யாரோ கொடுத்தார்களாம்.

"பிளாஸ்டிக்ல ஒட்டிக்கும்னு எழுதியிருக்கீங்களே. கழுவினா போகாதா?"

"போகாது மச்சான்."

"வெந்நீர் ஊத்தினா?"

"இன்னும் சீக்கிரமா கழண்டு தண்ணில வரும்."

"மனுஷனுக்கு?"

"அத நாங்க பாக்கல. பூச்சிக்கு மட்டும்தான் பாத்தோம்."

அறிக்கையை மடித்து வைத்தார். போனை எடுத்துத் தன் மனைவியைக் கூப்பிட்டார். "பின்னாடி நீல டிரம் இருக்குல்ல, மூணையும் கவுத்திடு. ஆமா, சமையலுக்குப் புடிச்சு வச்சதையும்தான். வந்து சொல்றேன்."

அந்தச் சரக்கை ஊற்றி வைக்கும் டிரம்கள் காலியானால் ஆட்கள் வீட்டுக்கு எடுத்துப்போக ஆலையில் விடுவார்கள். கெட்டியான பிளாஸ்டிக். ஒட்டிக்கொள்வதைப் பற்றி நாலு பக்கம் எழுதியவன் நான். எனக்கு இது தோன்றவே இல்லை.

மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை. மனைவி அதற்குள் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். எங்களுக்கும் இரண்டு கொடுத்திருந்தார்.